எண்பத்தெட்டு

மந்திகை ஆஸ்பத்திரி, ஆண்கள் விடுதி,
விடியப்புறம் நாலு மணி.
கரண்ட் போய்விட்டது. ஜெனரேற்றர்
இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
விரலில் மாட்டுகிற மெஷினுக்குப் பற்றரி இல்லையென்று
மூன்று நாளாய் எழுதிக் கொடுத்தபடி.

கைபேசி வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
பன்னிரண்டாம் கட்டில், பதின்மூன்று,
பதினான்கு.

ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் குலவீரசிங்கம்.
நேற்றுப் பின்னேரம் நெஞ்சுப் படபடப்பென்று வந்தவர்.
போர்வைக்கு வெளியே ஒரு கை.
எழுப்பாமல்
பெருவிரலை விலக்கி மூன்று விரல் வைத்தேன்.
பெருவிரலுக்குச் சொந்த நாடி உண்டு, பொய் சொல்லும்:
முதல் வருஷப் பாடம்.

கை குளிர்ந்துபோய்க் கிடந்தது.
மார்கழிக் கூதலுக்கு ஆருடைய கைதான் சூடாயிருக்கும்?
தேடினேன். இல்லை.
அழுத்தினேன்.
கிடைத்தது.
சட்டையில் குத்திய மணிக்கூட்டின் சிவப்பு முள்
அரை வட்டம் வர நாற்பத்துநாலு.
இரண்டால் பெருக்கி அட்டையில் எழுதினேன்:
எண்பத்தெட்டு. ஒழுங்கானது.

"மிஸி," என்றார், முகம் திருப்பாமலே.
"அது பிளாஸ்ரிக்."

வாயிலிருந்த வெளிச்சத்தை எடுத்துவிட்டு
"கழட்டி வைச்சிட்டுப் படுக்கேலாதோ ஐயா?" என்றேன்,
பிழை அவருடையது போல.
"புது இடம். எல்லாரும் பாப்பினம்."
பிறகு மெல்ல,
"எத்தினை அடிச்சது?"
சொன்னேன்.
"இருவத்தேழு வருஷமா இல்லாத கை. பரவாயில்லையே!"
கட்டில் ஆடச் சிரித்தார்.
பதின்மூன்றாம் கட்டில் புரண்டு ஏசியது.

சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன்.
கன்னத்துக்கடியிலிருந்து உருவித் தந்த கையில்
தலையணை உறையின் மடிப்பு பதிந்திருந்தது.
இரண்டு அடி. அவசரமாய் இன்னொன்று.
பிறகு ஒன்றுமே இல்லை.
அடுத்த எண்ணை நாக்கில் வைத்துக்கொண்டு
காத்து நின்றேன்.
இந்த நாடிக்கு அரை நிமிஷக் கணக்குச் செல்லாது.
முழு நிமிஷம்: நூற்றுப் பதினெட்டு.
குழாய் வைத்து நெஞ்சில் கேட்டால் நூற்று முப்பத்தாறு.

"பதினெட்டு குறையுது," என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.
"அது மற்றக் கைக்குப் போயிருக்கும்," என்றார்.
இந்த முறை சிரிக்கவில்லை.

டொக்டரை எழுப்பிச் சொல்லிவிட்டு வந்து
அட்டையை எடுத்தேன்.
பிழையை மை பூசி மறைக்கக்கூடாது.
அடியில் இருப்பது வாசிக்கத் தெரிய
ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம்.
கீறினேன்.

கோட்டுக்குள் கிடந்தது
என்னுடைய எண்பத்தெட்டு.
ஏழு மணியிலிருந்து ஒரு மிடறு தண்ணியும் இல்லாமல்
முப்பத்திரண்டு கட்டிலுக்கு ஓடினவளின் நாடி,
இன்னொருவர் பெயரில்.
ஆரும் என் கையைப் பிடித்துப் பார்த்து
எத்தனை வருஷம்.

"ஒழுங்கானது" என்ற சொல்லைக்
கீறாமல் விட்டதை
பகல் டியூட்டிக்காரி வந்துதான் காட்டினாள்.