எட்டு புள்ளி ஒன்று

ஜனவரி. மாமெலோடியில் மழை விட்டு நான்கு நாள்.
புல் முழங்காலுக்கு வந்துவிட்டது.
இனி எங்களுக்குத் தூக்கமில்லை.

இரவு ஒன்பதரைக்கு ஜபுலிலே ஸ்கோசானா
தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்:
கீழே உருளைக்கிழங்குச் சாக்கு, மேலே ஸ்டோம்பி.
பிறவியிலேயே அரை வால்.
ஈறு சுண்ணாம்பாய் வெளுத்து, சிறுநீர் கடுங்காப்பியாய்.
காதுமடலுக்குள் ஓர் உண்ணி,
பந்தி முடிந்தும் எழ மனமில்லாத விருந்தாளி.

காது நுனியில் ஒரு துளி எடுத்து
கண்ணாடித் தகட்டில் இழுத்தேன்.
செவ்வணுக்களுக்குள் சோடி சோடியாய்,
பேரிக்காய் வடிவில், குடித்தனம்.
நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது.
பிழைக்குமா என்பது வேறு கேள்வி,
அதற்கு வேறு ரத்தம்.

சாம்பல் மூடிக் குழாய். மீந்தது உறைபெட்டிக்கு, ஆய்வுக்காக.
லாக்டேட் எட்டு புள்ளி ஒன்று.
சர்க்கரை இரண்டு புள்ளி நான்கு.
தாழ வேண்டியது ஏறியும்
ஏற வேண்டியது தாழ்ந்தும் கிடந்தன.

"எவ்வளவு?" என்றார் ஜபுலிலே.
கட்டணம் என்று நினைத்து ரசீதைத் தேடினேன்.
அவர் எண்ணைக் கேட்டிருக்கிறார்.
"எட்டு."
"பத்துக்கா?"
மதிப்பெண் இல்லை இது, கூடக் கூடக் கெடுதல் என்றேன்.
"அப்போ கடன் மாதிரி."
ஆமாம். மூச்சுக்காற்றில் வாங்கிய கடன்.
ஆறு வருடம் படித்த டாக்டர் ஹெஸ்டர்
இவ்வளவு சுருக்கமாய்ச் சொன்னதில்லை.

ரத்தம் ஏற்றினோம். சர்க்கரை நீர் ஏற்றினோம்.
நள்ளிரவில் ஏழு புள்ளி எட்டு.
ஹெஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கூண்டில் ஒரு காவல்நாய், பெயர் டாங்க்.
அதன் எண்கள் எல்லாம் ஒழுங்கு.
வீட்டுக்காரருக்கு நானே போன் போட்டு
கவலை வேண்டாம் என்றிருந்தேன்.
நாலு மணிக்கு அது செத்தது.
மறுபடி போன் போட்டதும் நான்தான்.

ஸ்டோம்பி மூன்றாம் நாள் கஞ்சி நக்கியது.

குளிர்காலத்தில் கட்டுரைக்கு வரைபடம் போட்டார்கள்.
நாய்கள் எல்லாம் புள்ளிகள்.
நடுவே ஒரு கோடு: இந்தப் பக்கம் பிழைத்தவை.
பெரும்பாலும் கோடு சொன்னபடியே.
இரண்டு மட்டும் பக்கம் தவறி நின்றன.
"குழாய் மாறியிருக்குமோ?" என்றார் ஹெஸ்டர்.
உறைபெட்டியைத் திறந்து, உருக்கி, திரும்ப அளந்தேன்.
மாறவில்லை.

சனிக்கிழமை டாக்ஸி நிறுத்தத்தில்
தள்ளுவண்டியின் நிழலில் ஸ்டோம்பி.
"கடன் இப்போ எவ்வளவு?" என்று ஜபுலிலே சிரித்தார்.
அளக்கவில்லை என்றேன்.
ஒரு கிலோ கிழங்கு வாங்கினேன், பேரம் பேசாமல்.
பழக்கத்தில் கை நாயின் காதுக்குள் போனது.

ஓர் உண்ணி. சின்னது.