ஊது

எண்ணூர் விரைவுச் சாலை, இரவு இரண்டரை.
டிரெய்லர் வரிசை நகரவில்லை.
டீ குடித்துத் திரும்பிய டெல்லிபாபுவை
நடையைப் பார்த்து நிறுத்தினார்கள்.
"ஊது."
ஊதினான்.
"நல்லா ஊது."
பூஜ்யம்.
மெஷின் ரிப்பேர் என்றார் ஏட்டு.

அப்பா காலத்தில் அந்த மெஷினும் இல்லை.
குடிகாரன் என்றே காசிமேட்டில் புதைத்தோம்.

ஸ்டான்லியில் டாக்டரம்மா வரைந்து காட்டினார்:
உயிரணுவின் உள்ளறை,
அதில் அட்டாக்சின் என்றொரு புரதம்.
நாற்பதுக்குள் நிற்கவேண்டிய மூன்றெழுத்து
தம்பிக்கு ஐம்பத்திரண்டு தடவை.
நீண்டுபோன அது
வேற்றாளைப் பிடிப்பதில்லையாம்.
கருவிலிருந்தே கூட வேலை செய்யும்
இன்னொரு புரதத்தைத்தான்.
பிடிக்கிறது சரி,
விடவேண்டிய நேரத்தில் விடுவதில்லை.

நான் தலையாட்டினேன், புரியாமல்.
அவன்தான் கேட்டான்:
"கிரேன் பெட்டியத் தூக்கசொல்ல
ஒரு மூலையில லாக் ரிலீஸ் ஆவாது.
பெட்டியோட வண்டியும் எழும்பும்,
உள்ள டிரைவரும்.
அதானே மேடம்?"
டாக்டரம்மா பேனாவை மூடினார்.
"அதேதான்."

லைசென்ஸை அவனே ஒப்படைத்துவிட்டான்.
இப்போது யார்டு கேட்டில் உட்கார்ந்து
வண்டி எண்ணுகிறான்.
சட்டைப் பையில் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ்,
லேமினேட் போட்டது,
யாராவது ஊதச் சொன்னால் காட்ட.

என் ரத்தமும் எடுத்தார்கள்.
ரிசல்ட் வாங்க வரச்சொல்லி
இரண்டு தடவை போன் வந்தது.
போகவில்லை.

நேற்று பாவாடைக்கு நாடா தைக்க
ஊசியில் நூல் கோர்த்தேன்.
முதல் தடவையே நுழைந்தது.
உருவிவிட்டு
மறுபடி கோர்த்தேன்.