பிள்ளை பிடிக்கிறவன்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு
நான் பிள்ளை பிடிக்கிறவன்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
கார்ப்பரேஷன் மைதானத்தில்
யாரோ கழித்துப்போட்ட கிரிக்கெட் பேடும்
கண்ணாடி உடைந்த ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு
தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் நிற்பேன்.
இந்தப் பிள்ளைகளுக்கு
என்னைச் சொல்லிப் பயமுறுத்தித்தான்
சோறு ஊட்டியிருப்பார்கள்.

மற்ற நாட்களில் தண்ணி கேன் போடுகிறேன்.
தோள் அகலத்தைப் பார்த்து
என்னைப் பிடித்தவர் பெனசிர் மேடம்.
இருபது லிட்டரை மூன்று மாடி ஏற்றுகிறவனுக்கு
இருபது கிலோ எம்மாத்திரம்
என்றுதான் வந்தேன்.

தப்பு.
கேன் கடிக்காது.

ஜெபராஜ் முழங்கால் சில்லைக் குறிவைப்பான்.
அஃப்ரின் மரத்தைக் கட்டிக்கொண்டால்
மரத்தோடுதான் கடத்த வேண்டும்.
அஞ்சு வயசு லோகித் மட்டும்
உதைத்துவிட்டு "வலிக்குதாண்ணா?" என்பான்.
திருடனிடம் அப்படிக் கேட்கக் கூடாதென்று
அவனுக்குத் தனி வகுப்பு நடக்கிறது.

"தொப்புன்னு கீழ உக்காரு.
பையை விடு, பை போனாப் போகட்டும்.
சும்மா ஆ-ன்னு கத்தாத,
அடம்பிடிக்குதுன்னு நெனச்சுட்டுப் போயிடுவாங்க.
இந்த ஆளு யாருன்னே தெரியாதுன்னு கத்து."

நாற்பது தொண்டைகள்.
சிக்னலுக்கு நின்ற கூட்ஸ் வண்டியிலிருந்து
முதல் வாரம் கார்டு இறங்கி ஓடிவந்தார்,
கையில் பச்சைக்கொடியோடு.
இப்போது கையசைத்துவிட்டுப் போகிறார்.

தமிழ்க்கனி கத்த மாட்டாள்.
தூக்கினால் தூக்கியபடி வருவாள்
சீல் உடைக்காத கேன் மாதிரி.
உள்ளே ஏதோ தளும்புவது மட்டும்
கைக்குத் தெரியும்.
ஏழு வயதுக்குள்
எத்தனை பேர் எத்தனை தடவை
"சத்தம் போடாத" என்று சொல்லியிருக்க வேண்டும்,
ஒரு தொண்டையை இவ்வளவு சுத்தமாக அடைக்க.

நாலாவது சனிக்கிழமை
சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே இறக்கிவிட்டபோது
செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"தெரிஞ்சவங்களா இருந்தா?"

மேடம் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.
கேட் மூடும் மணி அடித்தது.
கும்மிடிப்பூண்டி வண்டி
கடைசிப் பெட்டி வரை போய் முடிகிற வரைக்கும்
யாரும் பேசவில்லை.

அதற்கு எங்களிடம் பேடு இல்லை.

பிறகு மேடம் மண்ணில் முட்டி போட்டார்.
"கடிக்கலாம்.
சாக்லேட் வாங்கிக் குடுத்தவரையும்.
அப்பாகூடச் சிரிச்சுப் பேசுறவரையும்.
கடிச்சுட்டு நேரா எங்கிட்ட வா.
உன்னை யாரும் திட்ட மாட்டாங்க.
இந்த அண்ணனைத் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினாள்.
"ஞானவேல் அண்ணா. எங்க தெருவுக்குத் தண்ணி போடுறவரு."

"தூக்குங்க ஞானவேல்."

பேடு முடிந்து கை ஆரம்பிக்கிற இடம் ஒன்று உண்டு,
மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரல்கடை.
நாற்பது பேரும் தவறவிட்ட இடம்.

முதலில் கத்தியது நான்.
அதற்குப் பிறகுதான் அவள்.
வார்த்தை ஒன்றும் இல்லை அதில்,
வெறும் ஆ.
மேடம் திருத்தவில்லை.

வகுப்பு முடிந்து
அவள் அம்மாவை வரவழைத்தார்கள்.
விளையாட்டுச் சாமான் அறையின் கதவு
ரொம்ப நேரம் சாத்தியிருந்தது.
நான் கேட்கவில்லை.
கயிற்றைச் சுருட்டினேன்,
மறுபடி பிரித்துச் சுருட்டினேன்.

திங்கட்கிழமை, தண்டையார்பேட்டை, இரண்டாவது மாடி.
அஞ்சு வருஷமாக அடுப்படி வரை போய்
கேனைக் கவிழ்த்துவிட்டு வருகிற வீடு.
பொடியன் கதவைத் திறந்தான்.
"அம்மா குளிக்கிறாங்க. உள்ள வெச்சிடுங்கண்ணா."

வெளியே வைத்தேன்.
"கதவச் சாத்திக்கப்பா. அம்மா வந்து எடுத்துக்குவாங்க."

அவனுக்குப் புரியவில்லை,
நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பான்.
தாழ்ப்பாள் விழுகிற வரைக்கும் நின்றேன்.
காலி கேனைத் தோளில் ஏற்றும்போது
மணிக்கட்டு தெரிந்தது.
வரிசையாகப் பல் தடம்,
முன்பல் விழுந்த இடத்தில் மட்டும்
கொஞ்சம் தோல் பாக்கி.