தன்மை ஒருமை

விதி எளிது. நோயாளி சொல்வதை
நோயாளியாகவே சொல்ல வேண்டும்.
"அவவுக்குக் கண் மங்குதாம்" என்று சொல்லக்கூடாது.
"எனக்குக் கண் மங்குகிறது."

ஆகவே ஒன்றேமுக்கால் மணி நேரம்
பேர்ண் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில்
எனக்கு அறுபத்தொரு வயது,
தூண் நகரத்து ஹோட்டலொன்றின் சலவையறையில் வேலை,
இடது கண்ணில் அழுத்தம் இருபத்தொன்பது.

மூன்று துளிமருந்து.
நீல மூடி காலையில், மஞ்சள் மூடி இரு வேளை,
மூன்றாவது குளிர்பெட்டியில், முட்டைக்குப் பக்கத்தில்.
எரியும். சிவக்கும்.
வந்த ஒரே லாபம், இமைமயிர் நீண்டு சுருண்டது.
கூட வேலை செய்யும் போர்த்துக்கல்காரி
என்ன மை பூசுகிறாய் என்று கேட்டாளாம்.
"இதை டாக்குத்தருக்குச் சொல்லாதை" என்றார் பத்மாசனி அக்கா.
சொல்லப்பட்ட எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதுவும் விதி.
சொன்னேன்.
சொல்லாதை என்றதையும் சொன்னேன்.

டாக்டர் வூட்ரிஷ் காகிதத்தில் ஒரு கண் வரைந்தார்.
உள்ளே நீர் ஊறும் இடம். அது வெளியேறும் வழி.
வழி அடைபட்டிருக்கிறது.
கண்மேல் ஒரு வளையம் வைப்போம், உப்புநீர் நிரப்புவோம்.
வளையத்தில் ஆறு தகடுகள்,
ஒவ்வொன்றும் சில விநாடி ஒலி எழுப்பும்,
ஒலி குவியும் இடம் சுடும்,
சுட்ட இடம் பிறகு நீர் சுரக்காது.
கத்தி இல்லை. தையல் இல்லை.

அந்த ஊறும் இடத்துக்கு அவர் சொன்ன பெயருக்கு
என் சொற்பட்டியலில் மூன்று தமிழ்ச் சொற்கள்.
மூன்றையும் எந்த வாயிலும் நான் கேட்டதில்லை.
தாளைப் புரட்டிக்கொண்டிருக்க
அக்கா படத்தின்மேல் விரலை வைத்தார்.
"பொயிலர். போற குழாய் அடைச்சிட்டுது.
அதைத் திறக்கேலாது எண்டால்
வாற தண்ணியைக் குறைக்கிறது. வேறை என்ன?"
நீராவி இஸ்திரிக்கு முன்னால்
இருபத்திரண்டு வருடம் நின்ற விரல்.
ஜெர்மனில் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடினார்.

"அப்ப நான் அழ ஏலாதோ?"

அந்த வாக்கியம் என் வாயால் ஜெர்மனில் வந்தபோது
டாக்டர் பார்த்தது என்னை.
கண்ணீர் வேறு, அது வெளியே ஊறுவது,
எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம் என்றார்.
"அது காணும்" என்றார் அக்கா.

போன பார்வை திரும்பி வருமா என்று
நான்தான் கேட்டேன்.
வராது, இருப்பதைக் காக்கத்தான் இது என்று
நான்தான் சொன்னேன்.

விறைப்பு மருந்து. விளக்கு. வளையம்.
ஒன்று.
திரையில் ஒரு கோடு நகர்ந்தது.
இரண்டு. மூன்று.
இடப்பக்க ஸ்டூலில் நான்,
கேட்பது எதுவானாலும் தமிழாக்க வாயைத் தயாராக்கிக்கொண்டு.
கேட்கவில்லை.
வௌவாலுக்கும் கேட்காது என்றாள் தாதி. அதைத் தமிழாக்கினேன்.
நாலு.
"சூடாக் கிடக்கு."
எனக்குச் சூடாக இருக்கிறது என்றேன் ஜெர்மனில்,
என் இடது கண் கலங்க.
ஐந்து.
அக்காவின் கை துழாவி என் சட்டை விளிம்பைப் பிடித்தது.
நோயாளியை நான் தொடக்கூடாது.
நோயாளி தொட்டால் என்ன செய்வதென்று விதியில் இல்லை.
ஆறு.

ஒரு மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள்.
பத்தொன்பதோ, இருபத்துநாலோ.
அன்றைக்கு வேறு யாராவது வரக்கூடும்,
அது அவருடைய எண்ணாக இருக்கும்.

படிவத்தில் நேரத்தை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு
பஸ் தரிப்பில் பக்கத்தில் போய் நின்றேன்.
மழை தூறியது. அக்கா தலையைத் திருப்பவில்லை.
"இடப்பக்கம் நில்லாதை பிள்ளை. அங்கை நீ இல்லை."
கண்ணுக்கு மூடி போட்டதாலா என்றேன்.
"மூடிக்கு முன்னமும் இல்லை."

சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன்.
ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தார்.
"ஓ," என்றார், "உனக்குச் சுருட்டைத் தலையோ."