பதினோராவது வரி

கணக்காளர் பாப்பாஸ் தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.
டண்டினோங். செவ்வாய்க்கிழமை. வெளியே தூறல்.
இருபத்தாறு வருடத்துக் குளிர்
மூன்று பக்கத்தில் அடங்கிக் கிடந்தது.

இரண்டு வான், ஒன்றின் பின்கதவு சரியாகப் பூட்டாது.
வாயுச் சிலிண்டர்கள், ஏணி, அளவுமானிகள்,
நான்கு இறைச்சிக் கடை, ஒரு பூக்கடை,
ஸ்பிரிங்வேலில் மீன் விற்கும் ஹியூவின் குளிரறை.
எல்லாவற்றுக்கும் விலை.
நற்பெயருக்கும் விலை உண்டாம்.
அதை எந்தத் தராசில் நிறுப்பீர்கள் என்றார் இவர்.
லாபத்தை மூன்றால் பெருக்குவோம், என்றார் பாப்பாஸ்,
சிரிக்காமல்.

பதினோராவது வரியில் நான் இருந்தேன்.

'சம்பளம் பெறாத குடும்ப உழைப்பு: கழிக்க.'

வாங்குகிறவன் என் கதிரைக்கு ஆள் பிடிக்கவேண்டும்,
ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும்,
ஆகவே லாபம் நாங்கள் நினைத்த அளவு இல்லை,
ஆகவே விலையும் இல்லை.
ஆண்டுக்கு அறுபத்தெட்டாயிரம் டொலர்,
அதுவும் மூன்றால் பெருக்கி.

ஒவ்வொரு சனியும் பட்டறையைக் கூட்டினவள் நான்.
கூட்டினவளைக் கழித்திருந்தார்கள்.

இவர் முகம் சுருங்கியது.
எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
சிரிப்பு வந்தது.
ஐஸ்கிரீம் உருகுதென்று இரவு இரண்டு மணிக்கு அழுதவனை
ஆற்றிய குரலுக்கு,
ஆரணிக்குப் பால் கொடுத்தபடியே
ஜி.எஸ்.ரி. படிவம் நிரப்பிய கைக்கு,
முதன்முதலாக ஒரு தொகை.
முன்னால் ஒரு சின்னக் கோடு,
இருந்துவிட்டுப் போகட்டும்.

காருக்குள் இவர் சொன்னார்:
"உன்னால இரண்டு லட்சத்து நாலாயிரம் போச்சு."
"போகேல்லை. அவ்வளவையும்
நான்தான் இவ்வளவு காலமாத் தந்துகொண்டிருந்தனான்."
பிறகு வைப்பர் மட்டும் பேசியது,
பிரின்சஸ் ஹைவே சிக்னல் வரைக்கும்.

ஒப்பந்தம் வந்தது.
ஐந்து வருடம், ஐம்பது கிலோமீட்டருக்குள்
ஒரு குளிர்ப்பெட்டியையும் காசுக்குத் தொடக்கூடாது.
இவர் வரைபடம் விரித்து, ஆரணியின் பழைய கவராயத்தால்
வட்டம் போட்டார்.
பிராங்ஸ்டன் உள்ளே. பக்கென்ஹம் உள்ளே.
மகளின் ஜீலோங் வெளியே.
"அங்க ஏதும் பழுதாகட்டும்," என்றார்,
ஒரு பிரார்த்தனை போல.

வெள்ளி ஐந்து மணிக்கு ரெலிபோன் இலக்கமும் கைமாறியது.
பள்ளிக்கூடத்துக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்கும்
நான் கொடுத்து வைத்த அதே இலக்கம்.

அன்றிரவு இரண்டு மணிக்கு விழித்தேன்.
பக்கத்தில் ஆள் இல்லை.
குசினியில், பிரிஜ்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு
அந்த வெளிச்சத்தில் நின்றார்,
மோட்டரின் சத்தத்துக்குக் காது கொடுத்து.
"தொடாதேங்கோ, வட்டத்துக்குள்ள."
"சொந்த வீட்டுக்குப் பொருந்தாது.
நாலாம் பிரிவை வாசிச்சனான்."
திருத்த ஒன்றும் இல்லை. அது நன்றாகத்தான் ஓடியது.
தயிரை எடுத்து, மறுபடி வைத்து, மூடினார்.

திங்கள் காலை வாங்கினவர் கூப்பிட்டார்.
கோப்புகள் ஒன்றும் பிடிபடவில்லையாம்,
ஒரு மாதம் வந்து காட்டித் தரமுடியுமா,
உதவியாக.

அறுபத்தெட்டாயிரத்தை
ஐம்பத்திரண்டு வாரத்தால், முப்பத்தெட்டு மணியால்
ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தேன்.

"மணிக்கு முப்பத்துநாலு டொலர் நாற்பத்தொரு சதம்," என்றேன்.

அந்தப் பக்கம் யோசித்தார்கள்.
நான் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு நின்றேன்.