கீழ்ச்சுரக் கணக்கு

லிஸ்பனில் ஓட்டல் துவாய்கள் மடிக்கும் மரிஸ்கா
விடுமுறை நாளொன்றில் ஏதோ ஒரு காப்பகத்தில்
கைபேசியால் எடுத்தனுப்பிய பதினொரு பக்கங்கள்.
அவற்றைப் பாலையூற்றுப் பட்டறையில்
கிரீஸ் விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்
ஒஸ்வின் பல்தசார்.
நான்கு குரல், முதல் வயலின், கீழ்ச்சுரம்.
எழுதியவன் பெயர் இல்லை.
இரண்டாம் வயலினும் இல்லை.

"கீழே பார், கணக்கு" என்றான்.
மீனவர் சங்கத்தில் பேரேடு எழுதுபவளை
அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.
கீழ்ச்சுரங்களுக்கு அடியில்
எறும்பு ஊர்ந்ததுபோல் இலக்கங்கள்:
ஆறு. ஐந்தின் மேல் ஆறு. நாலு, உடனே மூன்று.
"இந்தச் சுரத்தை ஒன்று என்று பிடி.
எண்ணிக்கொண்டு மேலே போ.
நிற்கிற இடத்தில் விரலை வை.
மிச்சத்தை அந்தக் காலத்தில் எழுதுவதில்லை,
வாசிக்கிறவன் கண்டுபிடிப்பான்."

பிரேசில் தங்கத்தில் ஒரு ராசா
பொடியன்களை ரோமாபுரிக்கு அனுப்பினானாம்,
பாட்டு எழுதப் பழகிவர.
அங்கிருந்து பாடகர்களையும் கப்பலேற்றினானாம்,
குரல் உடையாதபடி சிறுவயதிலேயே வெட்டப்பட்டவர்களை.
அந்தத் தங்கத்தைத் தோண்டியது யார்?
கூலிப் பக்கம் தேடுவதுபோல்
பதினொன்றிலும் தேடினேன்.

அண்ணன் கோணேசர் திருநீற்றோடு வந்து கேட்டான்:
"கோயில உடைச்சுக் கோட்டை கட்டினவன்ட பாட்டா?"
உடைத்தவன் செத்து
நூறு வருசத்துக்குப் பிறகு எழுதியது என்றேன்.
"அப்ப வட்டியோட வந்திருக்கு."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவன் கதிரையை இழுத்துப் போட்டான்,
பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டான்.
அந்த இரண்டு சொல்லையும் விட்டுப்போனது யாரென்று
சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
பசியோடு வந்தவன்.

மற்றப் பக்கங்கள் போன விதத்தை
ஒஸ்வின் ஒருநாள் சொன்னான்.
சகல புனிதர்களின் திருநாள். கோயில்களில் மெழுகுதிரி.
காலை ஒன்பது தாண்டியிருக்கும். நிலம் ஆடியது.
ஆற்றுவாயில் தண்ணீர் உள்வாங்கி, பிறகு
அதோடு நிறுத்தினான்.
திருகோணமலையில் அந்த வாக்கியத்தை
ஒருவரும் முடித்துத் தர வேண்டியதில்லை.

நத்தாருக்கு மறுநாள் சங்கத்துப் பேரேடுகள் போயின.
அதன்பிறகு மூன்று மாதம்
நனைந்து ஒட்டிய பற்றுச்சீட்டுகளை
ஐஸ்பெட்டி மூடியில் காயவைத்து
அடியிலிருந்து மேலே கட்டினேன்,
யார் கட்டியது எவ்வளவு, யாருக்குக் கடன் எவ்வளவு.
சில எண்களுக்கு ஆள் இல்லை.

இரண்டாம் வயலினையும் அப்படித்தான் எழுதினேன்.
பென்சிலால். பட்டறைக் கலண்டரின் பின்பக்கத்தில்.
முதல் வயலின் ஒதுங்கி நிற்கும் இடம் பார்த்து,
பாடுகிறவர்கள் மூச்செடுக்கும் இடம் பார்த்து.
ஒஸ்வின் வில்லை இழுத்துவிட்டு
"இது மீன்சந்தை" என்றான்.
அழித்தேன். தாள் கிழிந்தது. மறுபடி.

ஓரிடத்தில் எட்டுக் கட்டங்கள்,
கீழே ஒரு இலக்கமும் இல்லை.
"மறந்திட்டானா?"
"இல்லை. இத்தாலியில் எழுதியிருக்கிறான், பார்:
கட்டை தனியே.
மேலே ஒன்றும் வைக்காதே."
இருபது வருசத்தில் நான்
ஒரு பத்தியையும் வெறுமையாய் விட்டதில்லை.

ஞாயிறு பின்னேரம், சிற்றாலயம்.
கலியாண மண்டபத்தில் இரவல் வாங்கிய கீபோர்டு,
ஏழு பேர், ஒரு மின்விசிறி.
எட்டுக் கட்டம் வந்தபோது ஒஸ்வின் வில்லைத் தாழ்த்தினான்.
பிளோரின் மட்டும் பாடிக்கொண்டு போனாள்,
லத்தீனில், கண்ணை மூடாமல்.
என் இடது கையில் ஒற்றைச் சுரம்.
வலது கையை மடியில் வைத்து
மற்றக் கையால் பிடிக்க முடியாதே என்று நினைத்தேன்.
வெளியே ஒரு ஐஸ் லொறி பின்னுக்கு வந்து நின்றது.
வாசலில் அண்ணன்,
மோட்டார்சைக்கிளை நிறுத்தியிருந்தான்,
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

ஒன்பதாவது கட்டத்தில் ஆறு.
எண்ணிக்கொண்டு மேலே போனேன்.