ஒன்று தசம் இரண்டு

திங்கட்கிழமைகளில் வேலணை பஸ்ஸில்
சலூன்கார எட்மனின் கிணறு வருகிறது,
ஐந்து லீற்றர் கானில்,
என் முழங்கால்களுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு.
"சவுக்காரம் நுரைக்குதில்லைத் தங்கச்சி,
ஆக்களின்ர தாடியில
கோதுமைமா பூசினமாதிரிக் கிடக்கு."
சொல்லிவிட்டு மூடியை இன்னொருக்கா இறுக்கித் தந்தார்.

திருநெல்வேலி ஆய்வுகூடம். சிரட்டைக்கரி.
காற்றில்லாமல் எண்ணூறு பாகையில் சுட்டு,
அரைத்து, அரித்து,
கொஞ்சம் புகைக்கரி, கொஞ்சம் பசை,
நகக்கண் அளவு மங்கனீசு ஒட்சைட்டு சேர்த்து
கிரஃபைற் தாளில் பூசினேன்.
முதல் இரண்டும் பிழையில்லை. மூன்றாவது காய்கையில்
பங்குனிக் குளத்துச் சேறாய் வெடித்தது.
பசை கூடினால் துளை அடைபடும்,
குறைந்தால் கரி கழன்று தண்ணீரோடு போய்விடும்
என்றாள் சுதாமதி, கண்ணாடித் தண்டைக் கழுவியபடி.
எனக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

ஒரு கிராம் கரிக்குள்
நாலு பரப்புக் காணி மடிந்து கிடக்கிறது.
வேலி இல்லை, உறுதி இல்லை,
பங்குக்காக ஏறிய வழக்கு இல்லை.
குடியிருக்க உப்புக்கு மட்டும் அனுமதி.

ஒன்று தசம் இரண்டு வோல்ற்.
ரோச்லைற் பற்றறி ஒன்றைவிடக் குறைவு.
இதற்குமேல் முடுக்கினால்
உப்பை விட்டுவிட்டுத் தண்ணீரையே பிய்க்கத் தொடங்கும்.
அந்த விளிம்பில் குமிழைப் பிடித்தபடி
மூச்சை மெல்ல விட்டேன்.
சேர்ந்து வந்த சோடியமும் குளோரைட்டும்
பெண்வீடு ஒரு பக்கம், மாப்பிள்ளைவீடு ஒரு பக்கமாய்
ஒதுங்கி உட்கார்ந்தன.
மீற்றர் இறங்கியது.
மூவாயிரத்து நூறு.
இரண்டாயிரத்து நானூறு.
எண்ணூற்றுப் பத்தில் நின்றது,
பிறகு கெஞ்சியும் அசையவில்லை.

வயரை மாற்றிக் கொளுவ
கரி, வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொட்டியது.
கிணற்றைவிட மூன்று மடங்கு சவர், ஒரு போத்தல்.
பேசினில் ஊற்றப் போனேன்.
"அங்க வேண்டாம். கீழ முழுக்கப் பொந்துக்கல்.
இஞ்ச ஊத்தினால் கோண்டாவில்ல குடிப்பினம்."

எனவே திரும்புகையில் இரண்டு போத்தல்.
அல்லைப்பிட்டியில் இறங்கி
கடல் கணுக்காலைத் தொடும்வரை நடந்து
ஒன்றைக் கவிழ்த்தேன்.
கூட்டுவலை கட்டிக்கொண்டு நின்றவர் கேட்டார்,
"என்ன பிள்ளை, கடலுக்கு உப்புக் காணாதோ?"
சிரித்தேன். வேறென்ன செய்ய.
அடுத்த பஸ் முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தது.

எட்மன் மற்றப் போத்தலால்
தன் முகத்துக்கே சவுக்காரம் போட்டார்.
இடது கன்னம் நுரைத்தது,
கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்க்குமளவு.
வலதுக்கு வரமுதல் தண்ணீர் முடிந்தது.

"வாற திங்கள் ரண்டு கான் தரட்டோ?"
பாதி வெள்ளை முகத்தோடு கேட்கிறார்.
தாருங்கோ என்கிறேன்.
நூற்றிருபதாவது சுற்றிலேயே
கரி களைக்கத் தொடங்கிவிட்டதை
இன்னும் சொல்லவில்லை.